கப்பல் குறைவு, காவல் அதிகம்: குவாதர் துறைமுகத்தின் கணக்கு

பாகிஸ்தான் வரைபடத்தில் தென்மேற்கு மூலைக்குப் போங்கள். ஈரான் எல்லைக்குச் சற்று முன்னால், சுத்தியலைக் கடலுக்குள் நீட்டி வைத்தது போல ஒரு நிலத்துண்டு தெரியும். சுத்தியலின் தலை கோஹே பாத்தில் என்ற பாறைமலை. காம்பு, மணல் மூடிய ஒரு குறுகலான கழுத்து. அந்தக் கழுத்தில்தான் குவாதர் ஊர் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். கிழக்குக் குடாவை ஊர்க்காரர்கள் தெமி ஸிர் என்கிறார்கள், பலூச்சி மொழியில் முன்கடல் என்று பொருள். மேற்கே இருப்பது பதி ஸிர், பின்கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கம் கொந்தளிக்கும், அப்போது கிழக்குக் குடாதான் படகுகளுக்கு அடைக்கலம். துறைமுகத்தைக் கட்டியது அந்தக் கிழக்குக் குடாவில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குவாதர் பற்றி நம் ஊடகங்களில் வருவதைப் படித்தால் இரண்டே விதம்தான். ஒன்று, சீனா இந்தியாவைச் சுற்றி வளைத்துவிட்டது என்ற பதற்றம். இன்னொன்று, குவாதர் அடுத்த துபாய் ஆகப்போகிறது என்ற அறிவிப்பு, இதைப் பாகிஸ்தான் அரசு இருபது வருடமாகச் சொல்கிறது. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் துறைமுகம் வழியாக உண்மையில் என்ன போகிறது, என்ன போக முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு படம் கிடைக்கிறது. குவாதருக்கு மதிப்பு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு அங்கே ஏறி இறங்கும் சரக்கால் வந்ததில்லை, அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பதால் வந்தது. அந்த ஊர் மக்களுக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. குவாதர் 1958 வரை பாகிஸ்தானுடையதே இல்லை, ஓமானுடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலாத் நாட்டை ஆண்ட கான், அடைக்கலம் தேடி வந்த மஸ்கத் இளவரசர் ஒருவருக்கு இந்த ஊரைக் கொடுத்தார். இளவரசர் பிறகு மஸ்கத்துக்கே சுல்தான் ஆகிவிட்டார், ஊர் ஓமானிடமே தங்கிவிட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1958இல் 30 லட்சம் பவுண்டு கொடுத்துப் பாகிஸ்தான் அதை வாங்கியது. வாங்கியபோதே ஆழ்கடல் துறைமுகத்துக்கு ஏற்ற இடம் என்று தெரியும். ஆனாலும் வேலை தொடங்க 2002 ஆகிவிட்டது.

பாகிஸ்தானுக்கு இந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான காரணம் 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவில் இருக்கிறது. அன்று இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. நான்கு நாள் கழித்து மறுபடி தாக்கி, எண்ணெய்க் கிடங்குகளைப் பற்றவைத்தன. நாட்டின் மேற்குப் பகுதிக்கு அன்று பெரிய துறைமுகம் என்று இருந்தது கராச்சி ஒன்றுதான், அந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டார்கள். பின்னால் காசிம் துறைமுகம் வந்தது, ஆனால் அதுவும் கராச்சிக்குப் பக்கத்திலேயே. 1999 கார்கில் சண்டையின்போது இந்தியக் கடற்படை அரபிக் கடலில் திரண்டு நின்றபோது அதே பயம் திரும்ப வந்தது. ஆகவே கராச்சியிலிருந்து சுமார் 460 கிமீ மேற்கே, இந்திய எல்லையை விட்டு நன்றாக விலகி ஒரு வாசல் வேண்டும் என்று பாகிஸ்தான் ராணுவம் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கராச்சிக்கும் குவாதருக்கும் நடுவே ஓர்மாராவில் கடற்படைத் தளம் கட்டியதும் இதே கணக்கில்தான்.

சரி, சீனாவுக்கு என்ன லாபம்? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: சீனாவுக்குப் போகும் வளைகுடா எண்ணெய் மலாக்கா நீரிணை வழியாகப் போகிறது, அது சிங்கப்பூருக்குப் பக்கத்தில் 3 கிமீக்கும் குறைவான அகலத்துக்குச் சுருங்குகிறது, போர் வந்தால் அதை யாராவது அடைத்துவிடலாம். 2003இல் சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் பேசியதாகச் சொல்லப்படும் மலாக்கா சிக்கல் இதுதான். அதனால் எண்ணெயைக் குவாதரில் இறக்கி, பாகிஸ்தான் வழியாகச் சாலையிலோ குழாயிலோ சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள ஷின்ஜியாங்குக்குக் கொண்டுபோய்விட்டால் மலாக்கா பக்கமே போக வேண்டாம். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும்.

கோட்டை விட்டுவிட்டு ஒரு லாரியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். ஷின்ஜியாங்கின் காஷ்கர் நகரில் கிளம்பும் லாரி தாஷ்குர்கான் தாண்டி குஞ்செராப் கணவாய்க்கு ஏற வேண்டும். உயரம் சுமார் 4,700 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீனாவில் வலப்பக்கம் ஓட்டிவந்தவர் எல்லை தாண்டியதும் இடப்பக்கம் மாற வேண்டும். பனிக்காலத்தில் இந்தக் கணவாயை மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது. இறங்கினால் சோஸ்த், அங்கே சுங்கச் சோதனை. பிறகு ஹுன்சா பள்ளத்தாக்கு. 2010 ஜனவரியில் அத்தாபாத் என்ற கிராமத்தின் மேல் மலைச்சரிவு விழுந்து ஆற்றையே மறித்துவிட்டது. தண்ணீர் தேங்கி ஏரி ஆனது, காரகோரம் நெடுஞ்சாலையின் ஒரு பெரிய துண்டு அதற்குள் மூழ்கிப்போனது. ஐந்து வருடம் லாரிச் சரக்கைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோனார்கள், 2015இல் சுரங்கச் சாலைகள் திறக்கும் வரை. அங்கிருந்து கில்கித், இஸ்லாமாபாத் பக்கம், தேரா இஸ்மாயில் கான், ஜோப், குவெட்டா, சுராப், பஞ்ச்கூர், ஹோஷாப், துர்பத், கடைசியாகக் குவாதர். மொத்தம் ஏறக்குறைய 3,000 கிமீ. இதில் குவாதர் இருக்கும் பலூசிஸ்தான் மாகாணத்துக்குள் வரும் பகுதி நெடுக ஆயுதக் குழுக்களின் தாக்குதல் பயம் உண்டு, பல இடங்களில் ராணுவக் காவலோடுதான் பெரிய சரக்கு வரிசைகள் போகும்.

இப்போது எண்ணெய்க் கணக்கு. ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் கொண்டுவரும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 40,000 லிட்டர் பிடிக்கும் பெரிய டேங்கர் லாரி ஒன்றில் சுமார் 250 பீப்பாய்தான் போகும். அப்படியானால் ஒரே ஒரு கப்பலைக் காலி செய்ய 8,000 லாரி வேண்டும். சீனா ஒரு நாளைக்கு இறக்குமதி செய்வது சுமார் 1.1 கோடி பீப்பாய். அதில் பத்தில் ஒரு பங்கைக் குவாதர் வழியாக அனுப்புவது என்றாலும் நாள்தோறும் 4,000 லாரிக்கு மேல் குஞ்செராப் ஏற வேண்டும், ஏறிய அத்தனை லாரியும் காலியாகத் திரும்பி வரவும் வேண்டும். நடக்கிற காரியமா? குழாய் போடலாமே என்றால், 4,700 மீட்டர் உயரத்துக்கு எண்ணெயை இறைக்க வேண்டும், அதுவும் நிலநடுக்கமும் மலைச்சரிவும் வாடிக்கையான இடத்தில். எண்ணெய் ஷின்ஜியாங் போய்ச் சேர்ந்தாலும் வேலை முடியவில்லை. சீனாவின் ஆலைகளும் மக்களும் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைப் பக்கம், காஷ்கரிலிருந்து அதற்கு இன்னொரு 4,000 கிமீக்கு மேல் போக வேண்டும்.

மலாக்காவைத் தவிர்க்க வேண்டும் என்ற கவலை சீனாவுக்கு உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு அவர்கள் செய்திருப்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மியான்மர் கடற்கரையில் உள்ள சௌக்பியூவிலிருந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குக் குழாய் போட்டார்கள். எரிவாயு 2013இலும் கச்சா எண்ணெய் 2017இலும் ஓடத் தொடங்கிவிட்டது. மியான்மருக்குள் எண்ணெய்க் குழாயின் நீளம் 771 கிமீ, ஆண்டுக்கு 2.2 கோடி டன் கொண்டுபோகலாம். அதாவது முடிகிற இடத்தில் செய்தே முடித்துவிட்டார்கள். குவாதரில் அப்படி ஒரு குழாய் இன்று வரை இல்லை.

இன்னொன்றையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. குவாதர், வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணைக்கு வெளியே, ஒரு நாள் கப்பல் பயணத் தூரத்தில் இருக்கிறது. ஆனால் வளைகுடா எண்ணெய் கிளம்புவது ஹார்முஸுக்கு உள்ளே இருந்து. ஆகவே மலாக்காவைத் தவிர்த்தாலும் ஹார்முஸைத் தவிர்க்க முடியாது. ஹார்முஸைத் தாண்டி வந்த கப்பல் நிற்கப்போவது அரபிக் கடலில், இந்தியக் கடற்படைக்கு மலாக்காவைவிட வசதியான இடத்தில். போர்க்காலப் பாதுகாப்பு என்று பார்த்தால் இது கொண்டுவரும் தொல்லைதான் அதிகம்.

அப்படியென்றால் சீனா ஏன் வந்தது? துறைமுகத்தின் முதல் கட்டச் செலவு சுமார் 25 கோடி டாலர், அதில் ஏறக்குறைய 20 கோடி சீனப் பணம். 2007 மார்ச்சில் அன்றைய பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் திறந்து வைத்தார். நடத்தும் உரிமை முதலில் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ நிறுவனத்துக்குத்தான் போனது, 40 வருட ஒப்பந்தம். 2008இல் கனடா கோதுமையோடு முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. சாலை முடியவில்லை, ரயில் இல்லை, துறைமுகத்தை ஒட்டிக் கிடைக்க வேண்டிய நிலம் கைக்கு வரவில்லை, அதில் ஒரு பகுதி கடற்படை வசம் இருந்தது. 2013இல் சிங்கப்பூர் நிறுவனம் விலகிக்கொண்டது. உலகத்திலேயே துறைமுகத் தொழிலை நன்றாகத் தெரிந்த நிறுவனங்களில் ஒன்று அது. லாபம் பார்க்கத் தெரிந்த கை விட்டுப்போன இடத்தை, சீன அரசு நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. 2015இல் ஷி ஜின்பிங் இஸ்லாமாபாத் வந்தபோது 4,600 கோடி டாலர் பெறுமான சீனா-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் அறிவிக்கப்பட்டது, குவாதர் அதன் மகுடம் என்றார்கள். 2016 நவம்பரில் காஷ்கரிலிருந்து ஒரு லாரி அணி வந்தது, அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீஃப் முன்னிலையில் சரக்கு கப்பலேறியது, படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்த மாதிரி அணி வாரம் தவறாமல் ஓடும் வழியாக அது மாறவே இல்லை. வழித்தடத்தின் பணம் பெரும்பாலும் மின் நிலையங்களுக்கும் வடக்கே, கிழக்கே சாலைகளுக்கும் போனது, பஞ்சாபிலும் சிந்துவிலும்.

துறைமுகத்தின் அளவையும் பாருங்கள். கப்பல் வந்து நிற்க மூன்று பெர்த், மொத்தம் 600 மீட்டர் நீளத்துக்கு மேடை. ஆழ்கடல் துறைமுகம் என்கிறோம், ஆனால் அந்த ஆழம் தூர்வாரி உண்டாக்கியது, 14.5 மீட்டர் அளவுக்குத் தோண்டினார்கள், மணல் திரும்பத் திரும்ப வந்து அடைக்கிறது. சுமார் 50,000 டன் கப்பல் வரை வரலாம். இன்றைய ராட்சதக் கண்டெய்னர் கப்பல்களுக்கு இது போதாது. கொழும்பில் புதிய முனையங்களுக்கு 18 மீட்டர் ஆழம் இருக்கிறது, ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் அதன் வாசல் வழியாகவே போகின்றன, ஆண்டுக்கு 70 லட்சம் கண்டெய்னருக்கு மேல் கையாள்கிறது. குவாதருக்கு அந்தக் கப்பல்கள் வர வேண்டுமானால் வழியை விட்டு வடக்கே திரும்ப வேண்டும். திரும்பி வந்தால் ஏற்றிக்கொள்ளச் சரக்கு இருக்க வேண்டுமே? துறைமுகத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வறண்ட மலை. ஆலைகளும் சந்தைகளும் இருப்பது பஞ்சாபிலும் கராச்சியிலும், அவர்களுக்குக் கராச்சிதான் கிட்டம், மலிவு, பழகின இடம். அரசே இறக்குமதி செய்யும் கோதுமை, சர்க்கரை, யூரியாவையாவது குவாதரில் இறக்குங்கள் என்று உத்தரவு போட்டுத்தான் அங்கே கப்பலைப் பார்க்க முடிகிறது. ஆப்கானிஸ்தானுக்குப் போகும் சரக்கு 2020இலிருந்து கொஞ்சம் வருகிறது. இதுதான் நிலவரம்.

ஆகவே சீனாவின் கணக்கு வேறாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. சீன நிறுவனத்தின் குத்தகை 2059 வரை. அதாவது இன்று லாபம் வரவில்லையே என்று அவர்கள் பதறவில்லை. ஹார்முஸ் வழியாக 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது, உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வாசலுக்குப் பக்கத்தில் தன் நிறுவனம் நடத்தும் ஒரு மேடை இருப்பது, கப்பல்கள் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓர் இடம் இருப்பது, அந்த இடம் வேறு யார் கைக்கும் போகாமல் இருப்பது, இதுவே போதுமான பலன். குவாதரில் சீனக் கடற்படைத் தளம் எதுவும் இல்லை. சீனாவின் வெளிநாட்டுத் தளம் 2017இல் திறந்தது ஜிபூட்டியில். ஆனால் தேவைப்பட்டால் பயன்படும் என்ற சாத்தியத்துக்கே ஒரு விலை உண்டு, அந்த விலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தியாவும் இதே கணக்கைத்தான் போட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குவாதரிலிருந்து சாலை வழியே சுமார் 170 கிமீ மேற்கே ஈரானின் சாபஹார். பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போக இந்தியாவுக்கு இருக்கும் வழி. 2017இல் கண்ட்லாவிலிருந்து இந்தியக் கோதுமை அந்த வழியாக ஆப்கானிஸ்தானுக்குப் போனது, 2018 டிசம்பரிலிருந்து ஒரு முனையத்தை இந்திய நிறுவனமே நடத்தியது, 2024 மே மாதம் 10 வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. சாபஹாரின் நில அமைப்பு குவாதரைவிடச் சாதகமானது, வடக்கே போகும் வழியில் காரகோரம் இல்லை. ஆப்கானிஸ்தானுக்குள் ஸராஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிமீ சாலையை இந்தியாவே போட்டுக் கொடுத்தது. ஆனால் சாபஹாரைத் தொடர்ந்து நெரிப்பது அமெரிக்கத் தடை. கப்பல் நிறுவனமும் வங்கியும் காப்பீட்டுக்காரரும் ஒதுங்கினால், துறைமுகம் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? 628 கிமீ நீளச் சாபஹார்-ஸாஹேதான் ரயில் பாதை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போனதும் இந்த நெருக்கடியால்தான்.

இப்போது ஊருக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சரக்கு வரும் துறைமுகம் என்றால் சுமை இறக்குபவர், கிரேன் ஓட்டுபவர், லாரி மெக்கானிக், சுங்க ஏஜெண்ட், டீக்கடை, லாட்ஜ் என்று ஆயிரம் பிழைப்பு அதைச் சுற்றி முளைக்கும். தூத்துக்குடியில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் வைத்திருப்பதற்காக மட்டும் ஒரு துறைமுகம் என்றால் அதற்குத் தேவைப்படுவது காவலாள்தான். குவாதரில் நடந்தது அதுதான். 2016இல் துறைமுகப் பாதுகாப்புக்கென்றே பாகிஸ்தான் கடற்படை ஒரு தனிப் பிரிவு அமைத்தது. 2019 மே மாதம் மலை மேல் இருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலைப் பலூச் ஆயுதக் குழு தாக்கியது. அதன் பிறகு காவல் இன்னும் இறுகியது. 2020 டிசம்பரில் ஊரின் பெரும்பகுதியைச் சுற்றிக் கம்பி வேலி போடத் தொடங்கினார்கள், எதிர்ப்பு கிளம்பி நீதிமன்றம் வரை போன பிறகு நிறுத்தினார்கள். 2024 மார்ச்சில் துறைமுக ஆணைய வளாகத்தின் மேலேயே தாக்குதல். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு புதுச் சோதனைச் சாவடி. பாட்டன் காலத்திலிருந்து அங்கே வாழ்பவரை நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு சிப்பாய் கேட்கிறார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்?

முன்கடல் கதைக்கு வருகிறேன். துறைமுகத்தைக் கடற்கரை நெடுஞ்சாலையோடு இணைக்க ஈஸ்ட்பே எக்ஸ்பிரஸ்வே என்று 19 கிமீ சாலை போட்டார்கள், 2022 ஜூனில் திறந்தது. அது தெமி ஸிர் கரையை ஒட்டியே போகிறது. வேலை தொடங்கியபோதுதான் மீனவர்களுக்குத் தெரிந்தது, வீட்டுக்கும் படகுக்கும் நடுவே சாலை வரப்போகிறது, கடலுக்கு இறங்க வழியே இருக்காது என்று. கறுப்புக்கொடி கட்டி, வேலைநிறுத்தம் செய்து, மாதக்கணக்காகப் போராடி, சாலைக்கு அடியில் படகு போய்வர மூன்று இடங்களில் பாலம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பல கோடி டாலர் திட்டத்தில் படகு எப்படிக் கடலுக்குப் போகும் என்று வரைபடம் போட்டவர் யாரும் யோசிக்கவில்லை. மீனவர் ஊரில் துறைமுகம் கட்டுகிறவர்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

தண்ணீரும் மின்சாரமும் தனிக்கதை. குவாதர் இருக்கும் மக்ரான் கடற்கரைப் பகுதி நெடுங்காலம் நாட்டின் மின் தொகுப்பிலேயே சேரவில்லை, ஈரானிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பித்தான் இருந்தது. மழை பொய்த்தால் அங்காரா கௌர் அணை வற்றிவிடும், பல கிலோமீட்டர் தள்ளி லாரியில் வரும் தண்ணீர்தான். இந்த ஊரில் 2025 ஜனவரியில் சுமார் 24 கோடி டாலர் சீனப் பணத்தில், ஆண்டுக்கு 4 லட்சம் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். 2017 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 90,000.

வருமானம் எப்படிப் பிரிகிறது என்று 2017 நவம்பரில் செனட்டில் கேட்டார்கள். அன்றைய துறைமுகத்துறை அமைச்சர் ஹாசில் பிஸென்ஜோ, அவரும் ஒரு பலூச் தலைவர்தான், பதில் சொன்னார்: 91 சதவீதம் சீன நிறுவனத்துக்கு, 9 சதவீதம் குவாதர் துறைமுக ஆணையத்துக்கு. வரும் வருமானமே சொற்பம், அதில் இந்தப் பங்கு.

2021 நவம்பரில் மௌலானா ஹிதாயத்துர் ரஹ்மான் என்ற உள்ளூர்த் தலைவரின் பின்னால் குவாதர் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். "குவாதருக்கு உரிமை கொடு" என்பது இயக்கத்தின் பெயர். 32 நாள் நடந்தது. ஒரு நாள் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், அந்த ஊர் அதற்கு முன் பார்த்திராத காட்சி. அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? வெளியிலிருந்து வந்து இழுவை மடி போட்டுக் குஞ்சு மீன் வரை அள்ளிப்போகும் விசைப்படகுகளை நிறுத்துங்கள். தேவையில்லாத சோதனைச் சாவடிகளை எடுங்கள். ஈரான் எல்லையில் நாங்கள் வழக்கமாகச் செய்துவந்த வியாபாரத்தைச் செய்ய விடுங்கள். குடிதண்ணீர் கொடுங்கள். டிசம்பரில் மாகாண முதலமைச்சர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டார், கூட்டம் கலைந்தது.

கையெழுத்துப் போட்டவை நடக்கவில்லை என்று 2022 கடைசியில் மறுபடி உட்கார்ந்தபோது பேச்சு மாறியிருந்தது. சீனர்கள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அதே மௌலானா எச்சரித்தார். கூட்டத்தைப் போலீஸ் கலைத்தது, 2023 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். 2024 பிப்ரவரித் தேர்தலில் குவாதர் மக்கள் அவரையே மாகாண சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். முதல் போராட்டத்தின்போது துறைமுகத்தை மூடுங்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை.